மூன்றாம் வளைவு

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம்தானே என்று கேட்கப்போவதில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் சொல். எனக்கு ஆறாம் மாதம் தொடங்கிவிட்டது. வாந்தி நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை என்கிறார் உன் மாப்பிள்ளை.

நீ அனுப்பிய புது கார்புரேட்டர் போன வாரம் லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டிவிட்டோம். நீ எழுதிய தாளை ஸ்டியரிங்கில் செருகி வைத்தார். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவர் ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். உன் தாளில் இல்லாத எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் மாதிரி வேலை பார்த்தார். "பழையது வீட்டில் இருக்கவே கூடாது, எதையும் பிரிக்காமல் கழற்றியபடியே பட்டறைக்கு அனுப்பு" என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கே சாக்கில் கட்டிப் பட்டறை விலாசத்துக்குப் பார்சல் போட்டாயிற்று. புதியதை மாட்டியதும் ஆக்ஸிலேட்டர் கம்பி மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. அவர் அதைக் குறடால் கொஞ்சம் வளைத்து மாட்டினார். உன் தாளில் இல்லாத வேலை அது ஒன்றுதான்.

இனிமேல்தான் விஷயம். பெரியம்மா சமதரையில் நன்றாக ஓடுகிறாள். (கறுப்பு நிறம், கனத்த உடம்பு, காலையில் ஒரு செருமல். நம் இருவரையும்விட வயதான அந்தக் காருக்கு நீ வைத்த பேர் பொருத்தம்தான், போ.) ஆனால் மலை ஏறினால் மூன்றாம் வளைவில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறாள். என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறாள். மூன்று நாள் பார்த்தோம், மூன்று நாளும் இதே கதை.

உனக்கே தெரியும், ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இந்த நீரேற்று நிலையக் குடியிருப்பில் நம்முடையதைத் தவிர வேறு வண்டி கிடையாது. வலி கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் பிரசவ மேசையில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன தடவை எட்டாம் மாதத்திலேயே வலி கண்டதால் இந்தத் தடவையும் நாள் கணக்கை நம்பாதே என்றார். போன அக்டோபருக்கு முந்தின அக்டோபரில் அதே மலையில் வண்டி நின்று, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தோம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

என்ன பழுது என்று உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ கனமான எதையும் தூக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

கடிதத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. பழைய வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் சீல் வைத்து எடுத்துக் கொடுத்தபடியே உனக்கு அனுப்பினேன். என் கை அதில் படவில்லை. அதனால் அதில் பழுது இருக்காது என்று நினைக்கிறேன்.

மலை ஏறும்போது நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொல். கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கும், அது எங்கும் உரசாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கட்டும். பெட்ரோல் பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு இன்ஜினைச் சுற்றினால் விட்டுவிட்டு நன்றாகப் பீய்ச்ச வேண்டும். பிளக்கின் முனை என்ன நிறம் என்று எழுது. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். எல்லாவற்றையும் மாப்பிள்ளை நிதானமாகச் செய்யட்டும், அவசரம் வேண்டாம்.

இன்னொன்று. இனிமேல் பட்டறை விலாசத்துக்குக் கடிதம் போடாதே. கீழே எழுதியிருக்கும் என் அறை விலாசத்துக்கே போடு. பட்டறையில் எண்ணெய்க் கை பட்டு எழுத்து அழிந்துபோகிறது.

அண்ணன்

*

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது. யாரைக் கொண்டிருக்கிறதோ, ஓரிடத்தில் நிற்பதில்லை.

எண்ணெய்க் கையா? என் கையெழுத்துக்கு எண்ணெய் பட்டால் என்ன, பால் பட்டால் என்ன. சரி, உன் இஷ்டம்.

நீ சொன்னதையெல்லாம் செய்தோம். வடிகட்டி சுத்தம். மிதவை ஏறி இறங்குகிறது. பம்ப் பாட்டிலில் பீய்ச்சியதில் அவர் சட்டை நனைந்தது, ஆக அதுவும் சரி. பிளக் முனை வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, நல்ல மண் நிறம். ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பையன் மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார் உன் மாப்பிள்ளை. எனக்கு என்ன மார்க் போடத் தெரியும்?

மறுபடி மலைக்குப் போனோம். மூன்றாம் வளைவில் நின்றுவிட்டது. இந்தத் தடவை நின்றதும் பானட்டைத் திறந்து நானே காதை வைத்துக் கேட்டேன். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் உலை கொதிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் வருகிறது. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. பழையது இப்படிச் சுட்டதாக ஞாபகம் இல்லை. பெட்ரோல் வாடையும் குப்பென்று அடித்தது. இது ஏதாவது உனக்குத் துப்புக் கொடுக்கிறதா?

பழையதில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ன போட்டிருக்கிறது, அதில் என்ன எண் வெட்டியிருக்கிறது என்று பார்த்து எழுது. புதியதோடு ஒப்பிடலாம் என்கிறார் அவர். பார்சல் உன் பக்கத்தில்தானே கிடக்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? பேசாமல் பழையதையே திருப்பி அனுப்பிவிடு. பதினைந்து மாசமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

பதில் போடத் தாமதிக்காதே. இப்போது எனக்கு நாட்கள் ரொம்ப வேகமாக ஓடுகின்றன.

உன் தங்கை

*

மார்ச் 23

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம் அறிய விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

ஜெட் எண் வழக்கமாக இருப்பதாகத்தான் இருக்கும். அதில் வித்தியாசம் வராது. பழையதை மட்டும் கேட்காதே. அதை நான் அனுப்பமாட்டேன். அது உயிரைக் குடித்த சாமான். பதினைந்து மாசம் ஓடியது என்கிறாய். அன்றைக்கு மட்டும் ஏன் நின்றது? மறுபடி அதை மாட்டிவிட்டு உன்னை அதில் ஏற்றி அனுப்ப என்னால் முடியாது.

பெட்ரோல் குழாய் இன்ஜினை ஒட்டிப் போகிறதா என்று பார்க்கச் சொல். ஒட்டியிருந்தால் விலக்கிக் கட்டட்டும். மலை அடிவாரத்தில் ஒரு ஈரத் துணியைக் குழாய் மேல் சுற்றிவிட்டு ஏறிப் பாருங்கள்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வண்டியை விற்றுவிட்டு டவுனில் ஒரு வீடு பாருங்கள். இல்லாவிட்டால் டவுனில் நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக் காட்டுங்கள். இந்த விஷயத்தில் என்னை நம்பி உட்கார்ந்திருக்காதே.

அண்ணன்

*

மார்ச் 31

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை நீயே வைத்துக்கொள், கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

ஈரத் துணி சுற்றினோம். அதன் புண்ணியத்தில் மூன்றாம் வளைவில் நிற்கவில்லை, ஐந்தாம் வளைவில் நின்றது. நான் உள்ளே இருந்தேன். டாக்டரம்மாவிடம் காட்டும் நாள் அது. காலை பஸ் நிறைந்து வந்து நிற்காமல் போய்விட்டதால் துணிந்து ஏறினோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், உச்சி வெயில். அவர் பானட்டைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கு எனக்கு வலி இல்லை, அதனால் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டவுனில் வீடு பாரென்று சுலபமாக எழுதிவிட்டாய். மூன்று வீடு பார்த்தோம். பிள்ளைத்தாய்ச்சி ரெண்டு மாசத்துக்கு மட்டும் என்றதும் மூன்று வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரியில் வலி வந்தால்தான் படுக்கையாம். உன் ஊருக்கு வரலாம் என்றால் ரயிலில் காலை வைக்காதே என்கிறார் டாக்டரம்மா. டவுன் மெக்கானிக் பெரியம்மாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க அப்பாவத்தான் கூப்பிடணும், அவர் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு"ன்னார். போதுமா?

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்டேன். கிண்ணம் கொதிக்கிறது என்றேன், அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜெட் எண் கேட்டேன், வழக்கமாக இருப்பதாகத்தான் இருக்கும் என்கிறாய். ஸ்குரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவதால்தானே பட்டறையில் உன்னைக் காது என்று கூப்பிட்டார்கள்? அந்தக் காதுக்கு என் எழுத்து மட்டும் ஏன் எட்டவில்லை?

நீ அந்தப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கே பிரித்துப் பார்த்துவிட்டு எழுது அண்ணா. எனக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. பயமாக இருக்கிறது. இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 18

பட்டறை முதலாளி ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் தங்களிடம் வேலை பார்க்கும் காதின் தங்கை. என் கல்யாணத்தில் தங்களைப் பார்த்தது. அண்ணனுக்குக் கடிதம் எழுதிப் பதினெட்டு நாளாகிறது, பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது.

பிப்ரவரியில் தங்கள் விலாசத்துக்கு ஒரு சாக்குப் பார்சல் அனுப்பினோம். எங்கள் காரில் இருந்து கழற்றிய பழைய கார்புரேட்டர் அது. புதியது மாட்டியதிலிருந்து கார் மலை ஏறவில்லை, ஏறும்போது கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கிறது. எனக்குப் பிரசவத்துக்கு இரண்டு மாசம்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு அந்த மலை வழியாகத்தான் போக வேண்டும். அண்ணனிடம் சொல்லிப் பார்சலைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவன் மறுத்தால் தாங்களாவது பிரித்துப் பார்த்து எழுதுங்கள். இந்த உதவியை மறக்கமாட்டேன்.

தங்கள் பணிவுள்ள,
காதின் தங்கை

*

ஏப்ரல் 27

அன்பு மகளுக்குப் பட்டறைக்காரன் எழுதுவது.

எல்லோரும் நலம். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். இதோடு பஸ் டிரைவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், முதலில் அதை வாங்கிவிட்டு மேலே படி.

உன் அண்ணன் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் இங்கே வேலையில் இல்லை. உன் பிள்ளை தவறிய மறு மாசமே நின்றுவிட்டான். "என் கை பட்ட வண்டியில என் தங்கச்சி பிள்ள போச்சு, இனிமே ஸ்பேனர் தொடமாட்டேன் மொதலாளி"ன்னு சொல்லி சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இப்போது சிமெண்ட் குடோனில் மூட்டை எண்ணுகிறான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தான். வாக்காவது ஒன்றாவது, வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டபிறகு.

பார்சல் வந்த அன்றே சொல்லியனுப்பினேன். வந்தான். சாக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான், தொடாமல் போய்விட்டான். உன் கடிதம் வந்ததும் நானே பிரித்தேன்.

பிரித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பழைய கார்புரேட்டரின் அடியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் கட்டை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இடையில் வைக்கும் பழைய கேஸ்கெட் தாள் பசை போட்டதுபோல் பிடித்திருந்ததால் அதுவும் கார்புரேட்டரில் ஒரு பாகம் என்று நினைத்திருப்பீர்கள். அது தனிச் சாமான். இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாமல் நேராக இன்ஜின் மேல் உட்கார வைத்தால் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிதான். மலை ஏற ஏறப் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். அந்தக் கட்டைதான் பொட்டலத்தில் இருக்கிறது. அதன் மேலே ஒன்று, கீழே ஒன்று புது கேஸ்கெட் வைத்து, அதற்குமேல் கார்புரேட்டரை மாட்டச் சொல். ஆக்ஸிலேட்டர் கம்பியை யாராவது வளைத்திருந்தால் நிமிர்த்திவிடட்டும், உயரம் தானாகச் சரியாக வரும். கம்பி பொருந்தவில்லை என்று கேட்ட அந்த நொடியே காதுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவன் இருக்கிற இருப்பு அப்படி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழையதை என் வண்டியில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மருந்துக்கும் குறை இல்லை. ஒவ்வொரு துவாரமும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கழுவியவன் கை தொழில்காரன் கை. இது எப்படி அன்றைக்கு மலையில் நின்றது என்று முப்பது வருஷம் தொழில் பார்த்த எனக்குப் புரியவில்லை. இதை அவனிடம் சொன்னேன். "நல்லா இருந்துச்சுன்னா ஏன் நின்னுச்சு?"ன்னு கேட்டான். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தவள் நீ. உனக்கு ஏதாவது தெரியுமானால் எனக்கு எழுத வேண்டாம், அவனுக்கு எழுது.

நல்லபடியாகப் பெற்றுப் பிழை.

பட்டறைக்காரன்

*

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்று உன் முதலாளி எழுதிய பிறகுதான் தெரிந்தது.

கறுப்புக் கட்டையை வைத்து மாட்டினோம். வளைத்த கம்பியை நிமிர்த்தியதும் அது தானாகப் போய் உட்கார்ந்தது. நேற்று மலை ஏறினோம். மூன்றாம் வளைவில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா நிற்கவில்லை. ஐந்தாம் வளைவு, எட்டாம் வளைவு, உச்சி எல்லாம் தாண்டிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நாற்பத்தெட்டு நிமிஷம். இன்றைக்கு இரண்டாம் முறையும் போய்ப் பார்த்துவிட்டோம். வண்டிக் கவலை தீர்ந்தது.

இப்போது நான் எழுதப்போவதைப் பதினெட்டு மாசத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். இந்தத் தாள் நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்குப் பெரியம்மா நின்றது கார்புரேட்டரால் இல்லை. டேங்கில் பெட்ரோல் இல்லை அண்ணா.

நிலையத்தில் ஒரு பம்பைப் பிரித்துக் கழுவ அந்த வாரம் அவர் நம் டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்திருந்தார். திருப்பி ஊற்ற மறந்துபோனார். பெட்ரோல் முள்தான் வேலை செய்யாதே, குச்சி விட்டுத்தானே பார்ப்போம்? அன்றைக்கு என்னைத் தூக்கி வண்டியில் போட்ட அவசரத்தில் பார்க்கவில்லை. மலையில் நின்றதும் முதலில் பானட்டைத் திறந்து உன்னைத்தான் திட்டினார், போன வாரம் வந்து கழுவி மாட்டிவிட்டுப் போனது நீதானே. பிறகு பின்பக்கம் போய் டேங்கைத் திறந்து குச்சியை விட்டார். குச்சி காய்ந்து வந்தது. பின் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்தது. லாரிக்காரன் கேனில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினான். ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம்தான் நம் பிள்ளைக்கு இல்லாமல் போனது.

மறுநாள் நீ வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று "எப்படி மாப்பிள்ள நின்னுச்சு?"ன்னு கேட்டாய். "கார்புரேட்டர்தான் மச்சான், நீங்க போன வாரம் கழட்டினீங்கல்ல"ன்னு அவர் சொன்னார். கதவு திறந்திருந்தது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். நீ அதற்கப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

முதலில், அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். பிறகு, இப்போது சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று இருந்தேன். அதற்கும் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்று பயந்து இருந்தேன். உண்மை இதுதான்: பிள்ளை போய்விட்டது, புருஷனும் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அண்ணன் எங்கே போய்விடுவான், தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். உன் கை, உன் தொழில், எல்லாவற்றையும் நீ அந்த ஒரு வார்த்தைக்காகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை.

நல்ல கார்புரேட்டரைக் கழற்றி அனுப்பச் சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் மறுபடி அதே மலையில் போய் நின்றேன்.

மன்னித்துவிடு. எப்படியாவது ஒரு வரி எழுது.

உன் தங்கை

*

ஜூன் 3

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். கடவுள் புண்ணியத்தில் மே 29 காலை பத்தேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். குழந்தை எடை கொஞ்சம் குறைவு, ஒரு வாரம் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பயப்பட ஒன்றுமில்லையாம்.

காலையில் பஸ் போன பிறகுதான் வலி கண்டது. எங்கும் நிற்காமல் ஐம்பது நிமிஷத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன் என்று அவள் சொன்னாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. பதில் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். இன்னும் வரவில்லை என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினாலும் தூங்குவதில்லை. நீங்கள் வந்து குழந்தையைப் பார்த்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கும்தான்.

வேறு எழுத வரவில்லை.

தங்கள் மைத்துனன்

*

ஜூன் 21

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். நீயும் குழந்தையும் வீட்டுக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழந்தை பால் குடிக்கிறதா, எடை ஏறியதா என்று எழுது. பிறந்த செய்தியைப் படித்ததும் குடோனில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்றே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

உன் மே மாதக் கடிதம் கிடைத்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. முதலில் படித்துவிட்டுச் சிரித்தேன். பெட்ரோல் இல்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், வண்டி நின்றால் முதலில் டேங்கைப் பார்ப்பார்கள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை பார். என் கைதான் காரணம் என்று மாப்பிள்ளை சொன்னதும் அப்படியே நம்பிவிட்டேன்.

பிறகு கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. பதினெட்டு மாசம் தினமும் அந்த ஜெட்டுகளை மனசுக்குள் கழற்றி மாட்டினேன். எந்தத் துவாரத்தில் தூசியை விட்டேன், எந்தத் துணியால் துடைத்தேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வாயைத் திறந்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். நீ மன்னிப்புக் கேட்கிறாய். என்னிடம் இப்போது இல்லை. வந்ததும் கொடுக்கிறேன், இல்லாததை இருப்பதாக எழுத எனக்குத் தெரியாது.

என் பக்கமும் தப்பு இருக்கிறது. கம்பியை வளைத்தோம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், கிண்ணம் சுடுகிறது என்று அடுத்ததில் எழுதியிருந்தாய். படித்தேன், புத்தியில் ஏறவில்லை. கார்புரேட்டர் என்ற வார்த்தையைப் பார்த்தாலே அவசரமாக எதையாவது எழுதி மடித்துவிடுவேன். உன்னை மறுபடி அந்த மலையில் நிற்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன வாரம் பட்டறைக்குப் போனேன். பழையது மேசை மேல் இருந்தது. கழற்றிப் பார்த்தேன். முதலாளி சொன்னது சரி, நன்றாகத்தான் கழுவியிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். முதலாளி ஏதோ வேலை இருப்பது மாதிரி வெளியே போய் நின்றார். குடோனில் இந்த மாசத்தோடு கணக்கு முடிகிறது. முதல் தேதியிலிருந்து பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன், கை எப்படி இருக்கிறது என்று போனால்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அங்கே வருகிறேன். 28ஆம் தேதி காலை பஸ்ஸில் இறங்குவேன். அன்றைக்கு மாப்பிள்ளையை வேலைக்குப் போக விடாதே, லீவு போடச் சொல். அவருடைய கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன், நான் தேடியது அதில் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் கேட்ட அதே கேள்வியை அவரிடம் கேட்கப்போகிறேன். எப்படி நின்றது என்று அவர் வாயால் சொல்லட்டும். சண்டை போட வரவில்லை, அவர் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்ட பிறகு என் மருமகளைத் தூக்கிக்கொள்கிறேன்.

நான் கேட்கும்போது அவர் தடுமாறுவார். உனக்குப் பாவமாக இருக்கும், அவருக்காகப் பேச வாய் வரும். பேசாதே. போன தடவை பேசாமல் இருந்தாயே, அதே மாதிரி இரு.

அண்ணன்